ஷட்டர் யார் கையில்? பிட்காயின், எத்தீரியம், சொலானா: ஏலக்காய்ச் சாக்கை வைத்து ஓர் ஒப்பீடு

வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் மாமாவுக்கு ஆறு ஏக்கர் ஏலத்தோட்டம். போன வாரம் அவருடைய ஸ்டோரில் காய் உலர்ந்துகொண்டிருந்தது (ஸ்டோர் என்றால் எங்கள் பக்கத்தில் ஏலக்காயைச் சூடேற்றி உலர்த்தும் கட்டடம், மளிகைக் கடை இல்லை). அடுப்போரம் உட்கார்ந்தபடியே கேட்டார். "மாப்ள, பிளாக்செயின்ல ஏத்திட்டா இது எந்தத் தோட்டத்துக் காய்னு அப்புறம் யாரும் மாத்த முடியாதாமே? சரி, எந்தச் செயின்ல ஏத்துறது? ஒருத்தன் எத்தீரியம்ங்கிறான், ஒருத்தன் சொலானாங்கிறான்."

அவர் கேள்விக்குப் பின்னால் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. குவாத்தமாலாக் காயைக் கொண்டுவந்து கலந்து இடுக்கிக் காய் என்று விற்கிறார்கள் என்ற ஆதங்கம் இங்கே தோட்டக்காரர்களிடம் ரொம்ப நாளாக உண்டு. புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஏலத்தில், ஏற்கெனவே விற்ற காயே மறுபடி லாட்டாக வந்து விலையை அமுக்குகிறது என்ற புகாரும் பழையது. நான் கம்பத்தில் வியாபாரிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவன் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அன்று சொன்னதையும், மலை இறங்கி வந்தபின் யோசித்துச் சேர்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

அடித்தளச் செயின், அதாவது லேயர் 1, ஒரு பேரேடு மாதிரி. ஆயிரக்கணக்கான கணினிகளில் அதே நகல் இருக்கும், அடுத்த பக்கத்தை யார் எழுதுவது என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி ஒன்று இருக்கும். டோக்கன் (செயினில் கைமாறும் நாணயம்), ஆப் எல்லாம் இதன் மேல் கட்டியவை, கீழே உள்ளது நின்றால் மேலே உள்ளதும் நிற்கும். கம்பம் பள்ளத்தாக்குக்காரருக்கு இதை விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை. முல்லைப் பெரியாறு அணை நிற்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், 1886-ல் போட்ட 999 வருடக் குத்தகைப்படி அதை இயக்குவது தமிழ்நாடு, அந்தத் தண்ணீரை நம்பித்தான் கூடலூரிலிருந்து கீழே நெல் நடுகிறோம். இங்கே டீக்கடையில் பேச்சு எடுத்தால் அணையில் எத்தனை அடி, ஷட்டர் யார் கையில், அந்த அளவை நம்ம ஆள் போய்ப் பார்த்தானா என்றுதான் போகும். செயினையும் நான் அந்த மூன்று கேள்வியோடுதான் பார்க்கிறேன்.

யூடியூபில் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் நொடிக்கு எத்தனை பரிவர்த்தனை என்ற ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு முதலிடம் கொடுக்கிறார்கள். மாமா தோட்டத்தில் 40, 45 நாளுக்கு ஒரு காய் எடுப்பு, ஒரு எடுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு சாக்கு. அவருக்கு அந்த எண்ணால் என்ன பிரயோஜனம்?

பிட்காயினில் ஆரம்பிக்கிறேன். முதல் பிளாக், அதாவது பேரேட்டின் முதல் பக்கம், 2009 ஜனவரி 3-ல். சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக், நொடிக்கு ஏழு பரிவர்த்தனை போனால் அதிகம், பெரிய தொகை என்றால் ஆறு பிளாக் வரும்வரை சுமார் ஒரு மணி நேரம் காத்திருப்பது வழக்கம். ஒப்பீட்டுக் காணொளிகளில் இது எப்போதும் கடைசி இடம்தான். ஆனால் பக்கம் எழுதும் உரிமைக்கு மின்சாரத்தைச் செலவழித்தாக வேண்டும் என்ற விதி இருப்பதால், பழைய பக்கத்தை மாற்ற நினைக்கிறவர் அந்தப் பக்கத்திலிருந்து இன்றுவரை செலவான உழைப்பு முழுவதையும் தனியாளாக மறுபடி செய்யணும், அதுவும் மற்றவர்கள் முன்னே போய்க்கொண்டிருக்கும்போதே. முழுப் பேரேடும் 600 ஜி.பி.க்கு மேல், 1 டி.பி. டிஸ்க் போட்ட சாதாரண கணினியில் அடங்கிவிடும். என் கடையில் மூலையில் ஒன்று ஓடுகிறது, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியையும் அதுவே சரிபார்த்தது, யாரையும் கேட்கவில்லை.

ஷட்டர் யார் கையில் என்பதற்கு 2017 நல்ல சாட்சி. பெரிய நிறுவனங்களும் சுரங்கக்காரர்களில் (மின்சாரம் செலவழித்துப் பக்கம் எழுதுகிறவர்கள்) கணிசமானவர்களும் சேர்ந்து பிளாக் அளவைப் பெருக்குவோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். நோடு, அதாவது என் கடையில் இருப்பது மாதிரிச் சரிபார்க்கும் கணினி, ஓட்டும் சாதாரணப் பயனர்களிடம் கடும் எதிர்ப்பு கிளம்பியது, நவம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். அதற்கு முன்பே ஆகஸ்டில் பிரிந்து போனவர்கள் பிட்காயின் கேஷ் ஆனார்கள். குறையும் உண்டு, மறைக்கவில்லை. இன்று பெரிய மைனிங் பூல்கள் (சுரங்கக்காரர்களின் கூட்டணிகள்) இரண்டு மூன்று சேர்ந்தால் பாதி பலத்துக்கு மேல் வந்துவிடும் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. மின்சாரச் செலவும் பெரிது. இன்ன தேதிக்குள் காய் குமுளி தாண்டினால் பணம் தானாகப் போகட்டும் என்பது மாதிரி நிபந்தனைகளை எழுத பிட்காயினில் இடம் மிகக் குறைவு.

எத்தீரியம் பிறந்ததே அந்த இடத்துக்குத்தான். விட்டாலிக் பியூட்டரின் 2013-ல் எழுதிய யோசனை, 2015 ஜூலை 30-ல் ஓட ஆரம்பித்தது. பேரேட்டிலேயே நிரல் ஓடும், அதுதான் ஸ்மார்ட் கான்ட்ராக்ட். 2022 செப்டம்பர் 15-ல் மின்சாரம் தின்னும் முறையை விட்டுவிட்டு, 32 ஈத்தரை (எத்தீரியத்தின் நாணயம்) பிணையாக வைத்தவர்கள் வாக்களிக்கும் முறைக்கு மாறினார்கள், மின் செலவு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஓடுகிற பஸ்ஸுக்கு இன்ஜின் மாற்றியது மாதிரி அதைச் செய்தார்கள், ஒரு நிமிடம்கூட நிறுத்தவில்லை. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் அந்த நாளை நான் மறக்க மாட்டேன்.

பிணை வைப்பது வேறு, சரிபார்ப்பது வேறு. இதை நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். 32 ஈத்தர் வாக்களிக்கத்தான் வேண்டும், சரிபார்க்க 2 டி.பி. எஸ்.எஸ்.டி. போட்ட ஒரு நல்ல கணினியும் விடாத இணையமும் போதும். எங்கள் பக்கம் கடைசியாகச் சொன்னதுதான் சிரமம்.

ஷட்டர் கேள்விக்கு எத்தீரியம் தரும் பதில் கொஞ்சம் சிக்கலானது. 2016 ஜூனில் தி டாவ் என்ற கான்ட்ராக்டில் இருந்த ஓட்டையால் 36 லட்சம் ஈத்தரை ஒருவர் உருவிக்கொண்டார். ஜூலை 20-ல் பெரும்பான்மையினர் சேர்ந்து, பணம் உரியவர்களுக்குத் திரும்பும்படி பேரேட்டின் விதியையே மாற்றிக்கொண்டார்கள், ஒப்பாதவர்கள் எத்தீரியம் கிளாசிக் என்று தனியே போனார்கள். சரியா தப்பா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. எழுதியது எழுதியதுதான் என்பதற்காகத்தானே இங்கே வருகிறோம், அது ஒருமுறை வளைந்தது என்பதை நான் மாமாவிடம் மறைக்க விரும்பவில்லை. அதற்கப்புறம் அப்படி ஒன்று நடக்கவில்லை என்பதையும் சொன்னேன். இன்னொரு கவலை லிடோ. பலரின் ஈத்தரைச் சேர்த்து வைக்கும் இந்த அமைப்பின் பங்கு 2023 வாக்கில் மொத்தப் பிணையில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கியது. மூன்றில் ஒரு பங்கு வாக்களிக்காமல் உட்கார்ந்தால் பிளாக்குகள் இறுதியாவது, அதாவது இனி மாற்ற முடியாதபடி உறுதியாவது, நின்றுபோகும்.

நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. 2023 மே மாதம் அடுத்தடுத்த இரண்டு நாள், ஒருமுறை சுமார் 25 நிமிடம், மறுமுறை ஒரு மணி நேரத்துக்கு மேல், இறுதியாக்கம் தடைபட்டது. ஆனாலும் புதுப் பக்கங்கள் வந்துகொண்டே இருந்தன, யாரும் போன் போட்டுப் பேசி எழுப்பாமலே தானாகச் சரியானது.

சொலானாவுக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் வந்தது. நேரத்தையே கணக்காகப் பதிக்கும் ப்ரூஃப் ஆஃப் ஹிஸ்டரி என்ற உத்தியோடு, சுமார் 0.4 நொடிக்கு ஒரு பிளாக். அடிப்படைக் கட்டணம் 0.000005 சோல் (சொலானாவின் நாணயம்), நம்ம காசுக்குச் சில பைசா. பயன்படுத்திப் பார்த்தால் அந்த வேகம் உண்மையிலேயே மனசைக் கவரும், யூபிஐ மாதிரி உடனே போய்ச் சேர்கிறது. நாளெல்லாம் சில்லறைப் பணம் கைமாறும் வேலை என்றால் இந்த மூன்றில் இதைத்தான் எடுப்பேன்.

ஆனால் அதைச் சரிபார்க்கும் கணினிக்கு 256 ஜி.பி. ராம்கூட ஆரம்பம்தான், டேட்டா சென்டர் இணைப்பும் வேண்டும். கம்பத்தில் என் கடையில் அது நடக்காது, தேனி மாவட்டத்தில் வேறு யாரும் வைப்பார்கள் என்றும் தோன்றவில்லை. அப்படியானால் அளவை நாமே போய்ப் பார்க்க முடியாது, பார்த்தவர் சொன்னதை நம்பணும். 2021 செப்டம்பரில் கூட்டம் தாங்காமல் சுமார் 17 மணி நேரம் நின்றது, 2024 பிப்ரவரி 6-ல் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஒவ்வொரு முறையும் வேலிடேட்டர்கள் (பிணை வைத்து வாக்களிப்பவர்கள்) ஒன்றுகூடிப் பேசி, எந்தப் பக்கத்திலிருந்து தொடர்வது என்று ஒத்துக்கொண்டு திரும்ப ஓட்டினார்கள். அதைத் திறமை என்றும் சொல்லலாம், ஷட்டரைச் சுற்றி நிற்பவர்கள் ஓர் அறைக்குள் அடங்கும் அளவுதான் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் கண்ணில் படுகிறது.

கார்டானோ, அவலாஞ்ச் எல்லாம் இருக்கின்றன. கார்டானோவின் ஆராய்ச்சி ஒழுங்கு பிடிக்கும், 2021 செப்டம்பரில்தான் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் வந்தது என்ற தாமதம் பிடிக்காது. மாமாவின் வேலைக்கு இவை புதிதாக எதையும் சேர்க்கவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

விடக் கூடாதது ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் போன்ற அழைக்கப்பட்டவர் மட்டும் சேரும் செயின்கள். அரசு அமைப்புகளும் கம்பெனிகளும் பெரும்பாலும் இந்த வகையைத்தான் விரும்புகின்றன. 2019-ல் காபி வாரியம் பிளாக்செயின் சந்தை ஒன்றைச் சோதனையாகத் தொடங்கியது. 2021-ல் நறுமணப் பொருள் வாரியம் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தோடு சேர்ந்து, ஆந்திராவில் மிளகாய், மஞ்சள் விவசாயிகளை வைத்து, விளைந்த இடத்தைப் பின்தொடரும் முயற்சியை அறிவித்தது. நோக்கம் நல்லது, கட்டணம் இல்லை, டோக்கன் வாங்க வேண்டியதில்லை. ஆனால் நடத்துகிறவர் கடையைச் சாத்தினால் பேரேடும் சேர்ந்து போகும். மேர்ஸ்க்கும் ஐபிஎம்மும் கப்பல் சரக்குக்காக நடத்திய டிரேட்லென்ஸை 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள், அவ்வளவு பெரிய இடத்திலேயே அந்தக் கதி. சின்ன அளவில் இது எனக்கே நடந்தது. நான் சந்தா கட்டிய ஒரு கணக்குச் சேவை திடீரென்று மூடப்பட்டு, மூன்று வருடச் சிட்டைகளை மீட்க முடியாமல் வியாபாரிகள் முன்னால் தலைகுனிந்து நின்றேன். சாவி நம்மிடம் இல்லாத எதைப் பார்த்தாலும் அந்த நாள்தான் ஞாபகம் வருகிறது.

எந்தச் செயினும் சாக்குக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காது. குவாத்தமாலாக் காயை அள்ளிப் போட்டு, வண்டன்மேடு என்று எழுதிப் பதிந்தால், அந்தப் பொய்யையும் அழியாமல் காப்பாற்றும். செயின் உறுதி சொல்வது ஒன்றுதான், இன்ன ஆவணம் இந்த நேரத்துக்கு முன்பே இருந்தது, அதற்கப்புறம் மாறவில்லை. இதை மாமாவுக்குப் புரியவைக்கத்தான் நேரம் அதிகம் பிடித்தது.

அந்த ஒன்றுக்கு எந்த அடித்தளம் என்றால், நான் பிட்காயினைச் சொன்னேன். ஓபன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற இலவச முறை இருக்கிறது. எடைச் சீட்டு, தரம் பிரித்த படம் இவற்றின் ஹாஷை (கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், விரல்ரேகை மாதிரியான சிறு குறியீடு) மட்டும் அனுப்பினால், நிறையப் பேருடைய ஹாஷ்களோடு சேர்த்து ஒரே பரிவர்த்தனையாகப் பதிந்து, சில மணி நேரத்தில் சின்னச் சான்றுக் கோப்பு ஒன்றைத் தருகிறது. கோப்பு முழுமையானதும் அந்தச் சேவை நாளைக்கே நின்றாலும் கவலையில்லை, என் கடைக் கணினியே சரிபார்த்துவிடும். டோக்கன் கையில் வைத்திருக்க வேண்டாம் என்பது சின்ன விஷயமில்லை. ஈத்தரோ சோலோ வாங்கினால் 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, ஜூலை முதல் 1 சதவீதப் பிடித்தம் என்று அந்தக் கணக்கு வேறு.

பின்னால் வாங்குகிறவரோடு நிபந்தனைப் பணம் என்று வந்தால் எத்தீரியம், அதுவும் நேரடியாக இல்லை, அதன் மேல் ஓடும் ரோல்அப் (பரிவர்த்தனைகளைத் தனியே நடத்தி, தொகுத்துக் கீழே பதியும் செயின்) ஒன்றில். 2024 மார்ச்சில் வந்த மேம்பாட்டுக்குப் பிறகு அங்கே கட்டணம் வெகுவாக இறங்கிவிட்டது. ரோல்அப்களில் பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்துகிற இயந்திரம் பெரும்பாலும் ஒரே நிறுவனத்திடம் இருக்கிறது, ஆர்பிட்ரம் என்ற ரோல்அப் 2023 டிசம்பர் 15-ல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. ஆனாலும் கணக்குக்கான தரவு கீழே எத்தீரியத்தில் பதிந்திருக்கும் என்பதால், பணம் வர ஒரு நாள் தாமதமானாலும் தாங்கும் எங்கள் தொழிலுக்கு அதை ஏற்கலாம்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப சாக்கைக் கட்டும்போது கூட நிக்கிற ஆளு யாருங்கிறதுதான் பெருசு" என்றார். அடுத்த காய் எடுப்பில் முதல் சீட்டைப் பதியப் போகிறோம். சான்றுக் கோப்பு அவர் போனில் ஒன்று, என்னிடம் ஒன்று, குமுளியில் இருக்கும் சித்தி மகனிடம் ஒன்று இருக்கும். தரம் பிரித்து, எடை போட்டு, சாக்குத் தைக்கும்வரை கூட நின்று கையெழுத்துப் போட, காய் வாங்கவும் விற்கவும் சம்பந்தமில்லாத வெளியாள் ஒருவர் வேண்டும், அவரைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.