ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்: முதல் கவிதைத் தொகுப்பை இலவசமாகக் கொடுத்த ஓராண்டு அனுபவம்

நாற்பத்திரண்டு கவிதைகள் கொண்ட என் முதல் தொகுப்பை நானே வெளியிடுவது என்று முடிவெடுக்க அதிக நாள் ஆகவில்லை; அதை எந்த வழியில் வாசகர் கையில் சேர்ப்பது என்பதற்குத்தான் பல மாதங்கள் யோசிக்க வேண்டியிருந்தது. அச்சையும் அமேசானின் மின்னூல் சேவையான கிண்டிலையும் விசாரித்துவிட்டு, கணியம் அறக்கட்டளையின் தன்னார்வலர்கள் நடத்தும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இலவச மின்னூலாகக் கொடுத்தேன். என்னைப் போல் முதல் தொகுப்போடு நிற்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அச்சைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறேன். நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் வழியாகக் கட்டணமின்றியே கிடைக்கிறது. நான் அணுகிய ஓர் அச்சகத்தில் அதற்கென்று தனித்தொகை கேட்டார்கள். விவரம் தெரியாமல் கொடுத்துவிடும் புதியவர்கள் எத்தனை பேரோ என்ற வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

கிண்டில் வழி எளிதானது, தமிழையும் ஏற்கிறது. ஆனால் இந்திய விற்பனைக்கு 70 சதவீத உரிமைத்தொகை வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற அமேசானின் தனியுரிமைத் திட்டத்தில் சேர வேண்டும்; சேர்ந்தால் 90 நாள் தவணை முடியும்வரை அந்த நூலை மின்வடிவில் வேறெங்கும் கொடுக்கக் கூடாது. மாதிரிக்காகப் பத்தில் ஒரு பங்கை வெளியே காட்டலாம், ஒவ்வொரு தவணையிலும் 5 நாள் இலவசமாகக் கொடுக்கலாம், அவ்வளவுதான். நாவல் எழுதுபவருக்கு இது பெரிய தடையாக இராது. யாரும் பெயர் அறியாத ஒரு கவிஞருக்கோ, வாட்ஸ்அப்பில் ஒன்று, முகநூலில் ஒன்று என்று கவிதையை முழுதாகப் பகிர்வதைத் தவிர வேறு விளம்பரமே கிடையாது. அதை நிறுத்திக்கொண்டு விற்பனைக்குக் காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸில் நடைமுறை சுருக்கமானது. நூலின் கோப்பு, அட்டைப்படம், உரிம ஒப்புதல் ஆகியவற்றை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும்; தன்னார்வலர்கள் அதை மின்னூலாக்கித் தளத்தில் ஏற்றுகிறார்கள், கட்டணம் எதுவும் இல்லை. கோப்பு, எல்லாக் கருவிகளிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் இருக்க வேண்டும் என்பதில்தான் நான் இடறினேன். ஊரில் டிடிபி செய்து கொடுத்தவர் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்திருந்தார். அவருடைய கணினியில் தமிழாகத் தெரிந்தது என் கைபேசியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாக வந்தது. எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்த பிறகும் கொம்பும் காலும் சில இடங்களில் இடம்மாறிக் கிடந்ததால், நாற்பத்திரண்டு கவிதைகளையும் வரிவரியாக மீண்டும் படித்துத் திருத்தினேன். மெய்ப்புப் பார்ப்பதை நாமே முடித்து அனுப்புவதுதான் முறை. தன்னார்வலர்களின் தலையில் அதைச் சுமத்தக் கூடாது.

நூல், மின்னூல் கோப்பு வகைகளான ஈபப், மோபி, பக்க அமைப்பு மாறாத ஏ4 பிடிஎஃப், சிறு திரைக்கான 6 அங்குல பிடிஎஃப் என்று நான்கு வடிவங்களில் வெளிவந்தது. உரைநடைக்கு எது இருந்தாலும் போதும். கவிதைக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. என் தொகுப்பில் இப்படி இரண்டு வரிகள் உண்டு:

கொடியில் இன்னும் காய்கிறது
அம்மா துவைத்துப்போட்ட கடைசிப் புடவை

ஈபப்பில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கினால் வரி திரையின் அகலத்துக்கு ஏற்ப மடங்குகிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் மடிப்பும் அடிக்கடி நேர்கிறது. எழுத்தைப் பெரிதாக வைத்துப் படிக்கும் என் பெரியம்மாவின் கைபேசியில் ‘புடவை’ என்ற சொல் மட்டும் மூன்றாவது வரியாகத் தனித்து நின்றது. “அந்தப் புடவையைத் தனியா நிறுத்தினியே, அங்கதான்டி அழுதுட்டேன்” என்றார். நான் அப்படி எழுதவில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இதே மடிப்பு வேறு கவிதைகளில் ஓசையையும் பொருளையும் குலைத்திருப்பதைப் பார்த்தேன். கைபேசியில் கவிதை படிப்பவர்களுக்கு 6 அங்குல பிடிஎஃப்பையே பரிந்துரைக்கிறேன். அதில் கவிஞர் முறித்த இடத்தில்தான் வரி முறிகிறது.

உரிமத்தை அவசரப்படாமல் தேர்ந்தெடுக்க வேண்டும். படைப்பைப் பிறர் பகிர முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பதிப்புரிமை நம்மிடமே இருக்கிறது. ஆனால் ஒருமுறை அந்த உரிமத்தில் வெளியிட்ட பிரதியைப் பெற்றவரிடமிருந்து அந்த உரிமையைத் திரும்பப் பெற முடியாது. நாளைக்குப் பதிப்பகம் ஒன்று தனியுரிமை கேட்டால் இது இடையில் வந்து நிற்கும். வணிக நோக்கமற்ற உரிமத்தை நான் எடுத்துக்கொண்டேன். பிறர் என் கவிதைகளை விற்க முடியாது, நான் அச்சிட்டு விற்கத் தடையில்லை. மாற்றியமைக்கக் கூடாது என்ற நிபந்தனையை மட்டும் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. யாராவது மெட்டமைக்கவோ மொழிபெயர்க்கவோ விரும்பினால் என் அனுமதிக் கடிதத்துக்காக அவர்கள் காத்திருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

வாசகரைத் தேடித் தருவதை இந்தச் சேவையிடம் எதிர்பார்க்கக் கூடாது. அது நம் வேலை. உள்ளங்கை அளவு அட்டையில் ஒரு பக்கம் ஒரு கவிதையும் மறுபக்கம் நூலின் க்யூஆர் குறியும் அச்சிட்டு, இலக்கிய வட்டக் கூட்டங்களில் வாசித்து முடித்ததும் கையில் கொடுத்தேன். பழக்கமான தேநீர்க் கடையிலும் நூலகத்திலும் கேட்டு வைத்தேன். விலை இல்லை என்பதால் கொடுப்பதில் எனக்குக் கூச்சம் இல்லை, வாங்குவதில் அவர்களுக்கும் தயக்கம் இல்லை. அறிமுகமே இல்லாத ஒருவர், நூலின் பதினேழாவது கவிதையில் ஒற்றுப்பிழை இருப்பதைச் சுட்டி எழுதியிருந்தார். பதினேழாவது கவிதைவரை படித்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இரண்டாம் தொகுப்பையும் இங்கேயே கொடுக்கப் போகிறேன். இம்முறை முதலிலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்து, ஒவ்வொரு வரியும் 6 அங்குலப் பக்கத்தில் மடியாமல் அமர்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்புவேன்.