ஜிஸ்ட் கட்டியும் இமாடினிபும்: பழைய கோப்பைப் புரட்டுவதா, புதிதாகப் பதிவேடு தொடங்குவதா?

ஜிஸ்ட் பெரும்பாலும் இரைப்பையிலும் சிறுகுடலிலும் வரும் அரிய புற்றுநோய். அதற்குத் தரும் மாத்திரை இமாடினிப்; வழக்கமான தொடக்க அளவு தினம் 400 மில்லிகிராம். அன்றாட சிகிச்சையில் இது எப்படி வேலை செய்கிறது என்று அறிய இரண்டு வழிகள் உண்டு: பழைய மருத்துவக் கோப்புகளைத் தோண்டுவது, அல்லது இன்று முதல் வருபவர்களைப் பதிவேட்டில் சேர்த்துத் தொடர்வது.

கோப்பு வழியின் பலம் வேகம். பத்தாண்டுத் தரவு ஏற்கெனவே அலமாரியில் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. ஜனவரியில் நோய் உறுதியாகி, செப்டம்பரில்தான் கட்டியின் மரபணுப் பரிசோதனை முடிவு வந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 'பரிசோதனை செய்தவர்கள் மட்டும்' என்று ஆய்வை வகுத்துவிட்டு, உயிர்வாழ்வை ஜனவரியிலிருந்து எண்ணினால், இடையில் இறந்தவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. மருந்து இருப்பதைவிட நல்லதாகத் தெரியும். செப்டம்பரிலிருந்து அவரைக் கணக்கில் சேர்ப்பதே சரி.

இன்னொரு சிக்கல் ஸ்கேன் அறிக்கை. மருந்து வேலை செய்யும்போதும் கட்டி சுருங்காமல், சில நேரம் சற்றுப் பெரிதாகக்கூடச் செய்யும். அடர்த்தி மட்டும், எடுத்துக்காட்டாக, 80 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகிலிருந்து (சிடி ஸ்கேனில் அடர்த்தியை அளக்கும் அலகு) 50-க்கு இறங்கியிருக்கும். கட்டியின் அளவோடு அடர்த்தியையும் பார்த்துப் பலனை மதிப்பிடும் சோய் அளவுகோலில் 15 சதவீத அடர்த்திக் குறைவே பலன்தான். அறிக்கையில் 'அளவு கூடியுள்ளது' என்று மட்டும் இருந்தால், அதைப் படிப்பவர் நோய் முற்றியது என்று குறித்துவிடுவார். அதனால் அறிக்கை போதாது, படத்தையே மறுபடி பார்க்க வேண்டும்.

பதிவேட்டில் இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டு வாங்கலாம்: மாறுபொருள் (படத்தைத் தெளிவாக்கும் மருந்து) செலுத்தியபின் ஒவ்வொரு முறையும் அதே நேர இடைவெளியில் எடுத்த சிடி ஸ்கேன், மீதமுள்ள மாத்திரைகளின் எண்ணிக்கை, அளவைக் குறைத்த தேதியும் காரணமும். கண் வீக்கத்துக்காக மருந்தை 300 மில்லிகிராமுக்கு இறக்கியதைப் பழைய கோப்பில் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. பதிவேட்டுக்கு நாம் கொடுக்கும் விலை காலம்தான். அரிய நோயில் ஆள் சேரவே ஆண்டுகள் ஆகும். அதற்குள் சிகிச்சை வரிசையே மாறிவிடலாம்.

எங்கள் தேர்வு பதிவேடுதான். காலமில்லையென்றால் கோப்பு போதும், ஆனால் மரபணு விவரம் இல்லாத கோப்புகளை 'தெரியாது' என்று தனியே வையுங்கள். கிட் மரபணுவின் 9-ஆவது எக்ஸானில் (மரபணுவின் ஒரு பகுதி) மாற்றம் உள்ளவர்களுக்கு 800 மில்லிகிராம் வரை தேவைப்படலாம். பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற இன்னொரு மரபணுவில் டி842வி எனும் மாற்றம் இருந்தால் இமாடினிப் அநேகமாக வேலையே செய்யாது. எல்லோரையும் கலந்து ஒரே சராசரி போட்டால் அது யாருக்கும் பொருந்தாது.

முதலில் 20 கோப்புகளை இருவர் தனித்தனியே பதிந்து ஒப்பிடுங்கள். படிவத்தின் எந்தக் கேள்வியில் இருவர் விடையும் அதிகம் மாறுகிறதோ, அந்தக் கேள்வியைத்தான் திருத்தி எழுத வேண்டும்.