விசிஏ, ரிங் மாடுலேட்டர்: பல வருடம் பழகிய பிறகு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டில் ஒரு அனலாக் மாடுலர் சிந்தசைசர் (தனித்தனிப் பகுதிகளை வயரால் இணைத்து ஒலி உண்டாக்கும் மின்கருவி) வைத்து வாசிக்கிறேன். அதில் விசிஏ என்பது ஒலியை ஒரு கட்டுப்பாட்டு வோல்டேஜால் பெருக்கி அளவைக் கூட்டிக் குறைக்கும் பகுதி; ரிங் மாடுலேட்டர் இரண்டு அலைகளை ஒன்றோடொன்று பெருக்கும் பகுதி. “இரண்டுமே பெருக்கல்தானே, விசிஏ இருக்கும்போது ரிங் மாடுலேட்டர் எதற்கு?” என்று கேட்காத நண்பர் இல்லை. பெருக்கல்தான். ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே போனால் இரண்டும் வேறு வேறு.

கட்டுப்பாட்டு வோல்டேஜ் மைனஸுக்குப் போனால் விசிஏ வாயை மூடிக்கொள்ளும். ரிங் மாடுலேட்டரோ அலையைத் தலைகீழாக்கி அனுப்பும். 400 ஹெர்ட்ஸ் சைன் அலையையும் 150 ஹெர்ட்ஸையும் அதில் விட்டால் 550, 250 இரண்டும்தான் வரும்; கொடுத்தது எதுவும் மிஞ்சாது. விசிஏவைப் பாதி திறந்துவைத்து அதே 150ஆல் ஆட்டினாலும் 550, 250 உண்டு, ஆனால் 400 போகாது. காது அதைப் பிடித்துக்கொண்டு சுருதியைக் கண்டுபிடித்துவிடும்.

காவடிக்கு அடிக்கும் உறுமியைப் பதிவுசெய்து இரண்டிலும் விட்டுப் பாருங்கள். விசிஏவில் கரகரப்பு ஏறினாலும் உறுமி உறுமிதான். ரிங் மாடுலேட்டரில் தோலின் அடையாளமே போய், வெண்கல மணி அடிக்கிறது. இந்தச் சத்தத்துக்காகவே அதை நான் விற்கவில்லை.

தொல்லையும் உண்டு. மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்ததும் ஆஸிலேட்டர்கள் (அலையை உண்டாக்கும் பகுதிகள்) சூடாகும்வரை சுருதி நகரும். 400, 200 கொடுத்தால் 600, 200 என்று அழகாகச் சேர்ந்து ஒலிக்கும். அந்த 200 கொஞ்சம் நகர்ந்து 203 ஆனால் 603, 197: ஒன்று மேலே, ஒன்று கீழே, சேர்க்கை கலைந்துவிடும். விசிஏவில் வெறும் என்வலப் (ஒவ்வொரு சத்தமும் எழுந்து அடங்கும் வடிவத்தைத் தரும் வோல்டேஜ்) ஓடினால் இந்தக் கவலை இல்லை.

அப்புறம், ரிங் மாடுலேட்டரில் கசிவு. உறுமி நின்ற பிறகும் ஆஸிலேட்டரின் சன்னமான கீச்சு கேட்கும். உள்ளே இருக்கும் டிரிம்மரை, அதாவது சரிசெய்யும் சின்னத் திருகை, திருப்பினால் குறையும், முழுதாகப் போகாது. நான் பின்னால் ஒரு விசிஏவைப் போட்டு என்வலப்பால் மூடிவிடுகிறேன்.

நான்கு டையோடு, இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய வகை ரிங் மாடுலேட்டர் மென்மையான சத்தத்தை விழுங்கிவிடும், குறைந்தபட்ச வோல்டேஜ் இல்லாமல் டையோடு திறக்காது. ஆர்ப் ஒடிசி என்ற சிந்தசைசரில் ரிங் மாடுலேட்டர் என்று இருப்பது எக்ஸார் லாஜிக் (இரண்டு உள்ளீடும் வேறுபட்டால் மட்டும் ஆன் ஆகும் சுற்று). அதன் சொந்த ஆஸிலேட்டர்களின் பல்ஸ் அலைகளோடு (ஆன்-ஆஃப் என்று மாறும் சதுர அலைகள்) சரி, வெளிச்சத்தத்துக்கு உதவாது.

முதலில் வாங்க வேண்டியது விசிஏதான், முடிந்தால் இரண்டு. ரிங் மாடுலேட்டர் வாங்கும்போது டிசி கப்ளிங் (மாறாத வோல்டேஜையும் தடுக்காமல் உள்ளே விடும் இணைப்பு) உள்ளதாகப் பாருங்கள். எல்எஃப்ஓ (மிக மெதுவாக ஆடும் ஆஸிலேட்டர்) போன்ற மெதுவான வோல்டேஜையும் பெருக்கித் தரும்.