18,500 ரூபாயும் அம்மாவின் வலது கண்ணும்

ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 72 வயது. ஒரு மாதமாக வலது நெற்றிப்பொட்டில் வலி. சீப்பு பட்டாலே முகம் சுளிப்பார். பின்னலை விட்டுவிட்டுக் கையாலேயே முடியைக் கோதி முடிந்துகொள்வார். தோசையைப் பாதி மென்றதும் தாடை வலிக்கிறது என்று தட்டை நகர்த்திவிடுவார். பல் கோளாறு என்று நினைத்தேன், மடையன்.

செல்போனில் வீடியோ ஆலோசனை தரும் ஒரு செயலி. வெள்ளைக் கோட்டுடன் திரையில் வந்தவர், "சாப்பிட்டீர்களா அம்மா?" என்றுதான் பேச்சையே தொடங்கினார். அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அங்கேதான் விழுந்தோம். ஐந்தே நிமிடத்தில் ஒற்றைத் தலைவலி என்று சொல்லிவிட்டார். மூன்று மாத சிகிச்சை, 18,500 ரூபாய், முழுவதும் முன்பணம். தாடை வலியைச் சொன்னேன், "இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை சார்." ரத்தப் பரிசோதனை என்ற பேச்சே இல்லை. மாத்திரையும் ஒரு தைலமும் கூரியரில் வந்தன.

பதினோராம் நாள் வலது கண்ணில் திரை விழுந்ததுபோல் இருக்கிறது என்றார். பத்து நிமிடத்தில் சரியானது. செயலியில் கேட்டால், "மருந்து வேலை செய்கிறது" என்று பதில்! மறுநாள் காலை அந்தக் கண்ணில் பார்வை போயிற்று. திரும்பவில்லை.

கண் மருத்துவமனையில் மருத்துவர் நெற்றிப்பொட்டைத் தடவிப் பார்த்தார். தமனி கயிறாகத் தடித்திருந்தது, துடிப்பில்லை. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஈஎஸ்ஆர் 98, மிக அதிகம். ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் என்றார். உடலின் எதிர்ப்பாற்றலே தலையின் தமனிச் சுவரைத் தாக்கி வீங்கவைக்குமாம். கண் நரம்புக்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வருவது, நம் நாட்டில் அரிது. அரிது என்றால் கேட்கக்கூட மாட்டார்களா? தமனியில் சிறு துண்டை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியின் முடிவுக்குக் காத்திராமல் அன்றே ஸ்டீராய்டு ஏற்றினார்கள், இடது கண்ணையாவது காப்பாற்ற.

18,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். "சிகிச்சை தொடங்கிவிட்டால் தர இயலாது." மறுபடி அழைத்தால், "புகார் பதிவாகிவிட்டது, ஏழு வேலை நாள்." அதுவும் கழிந்தபின், பேசியவர் மருத்துவரே அல்ல, 'நல ஆலோசகர்' என்கிறார்கள். 18,500 வாங்கும்போது இதை ஏன் சொல்லவில்லை?

விரிவாக அறிவுரை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஓடவில்லை. வயதானவருக்குப் புதிதாகத் தலைவலி, மென்றால் தாடை வலி, பார்வை மங்கல் என்றால் அன்றே நேரில் காட்டுங்கள். திரையில் பேசுகிறவரின் மருத்துவப் பதிவெண்ணைக் கேளுங்கள். முன்பணம் கட்டவே கட்டாதீர்கள். ஸ்டீராய்டு கொடுத்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அம்மாவுக்கு மாத்திரை வேளை, எழுந்து போகிறேன்.