சான்றிதழ் நிறுவியாயிற்று என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

இணையதளப் பராமரிப்பை வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். எங்கள் தளத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் (இது உண்மையான தளம்தான் என்று உலாவிக்கும் செயலிக்கும் நிரூபிக்கும் டிஜிட்டல் கோப்பு) நிறுவித் தருவதாகப் பொறுப்பேற்ற ஒரு நிறுவனம், முழுக் கட்டணத்தையும் பெற்றுக்கொண்டு வேலையை அரைகுறையாக விட்டது. பிழையைச் சுட்டிக்காட்டியபோது, அந்தப் பிழையைவிட ஆபத்தான ஒரு வழியையும் சொல்லிக் கொடுத்தது.

வேலை முடிந்ததற்கு ஆதாரமாக அவர்கள் அனுப்பியது ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட். கணினியில் குரோம் உலாவியில் எங்கள் தளம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திறந்திருந்தது. ஆனால் அன்றைக்கே எங்கள் செயலியில் உள்நுழைய முடியவில்லை என்று புகார்கள் வரத் தொடங்கின. பணம் வந்து சேர்ந்த தகவலை எங்கள் சர்வருக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டணச் சேவையும் இணைப்பை ஏற்படுத்த முடியாமல் நின்றுவிட, பணம் கட்டியவர்களுக்கு ரசீது போகவில்லை. கேட்டதற்கு, "உங்கள் வாடிக்கையாளர்களின் ஃபோன் பழையதாக இருக்கும்" என்றார்கள். மறுபடியும் வற்புறுத்தியபோது, "செயலியில் சான்றிதழ் சரிபார்ப்பை நிறுத்திவிடுங்கள், எல்லாம் ஓடும்" என்று எழுத்திலேயே பதில் அனுப்பினார்கள்.

அந்தப் பதிலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. சரிபார்ப்பை நிறுத்தினால் செயலி ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அதன் பிறகு, பொது வைஃபை ஒன்றில் இடையே புகுந்து தானே தயாரித்த சான்றிதழை நீட்டுகிற எவரையும் அந்தச் செயலி எங்கள் சர்வர் என்றே நம்பி, பயனரின் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடும். தகவல் மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் போகும்; போய்ச் சேரும் இடம்தான் வேறாக இருக்கும்.

வேறொருவரை வைத்துப் பார்த்தபோது காரணம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு தளத்தின் சான்றிதழில் பொதுவாக ஓர் இடைநிலைச் சான்றிதழின் கையொப்பம் இருக்கும். அந்த இடைநிலைக்கு, நம் கருவிகளில் ஏற்கெனவே பதிந்திருக்கும் மூலச் சான்றிதழ் பொறுப்பேற்கும். இந்தத் தொடரைத்தான் சங்கிலி என்கிறார்கள். ஆகவே சர்வர் தன் சான்றிதழோடு இடைநிலைச் சான்றிதழையும் சேர்த்து அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டாலும், கணினியில் இருக்கும் குரோம் விடுபட்டதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். ஃபயர்ஃபாக்ஸ் பெரும்பாலான இடைநிலைச் சான்றிதழ்களை முன்கூட்டியே கைவசம் வைத்திருக்கும். செயலிகளும் மற்ற சர்வர்களும் பெரும்பாலும் அப்படித் தேடுவதில்லை, இணைப்பைத் துண்டித்துவிடும். எங்கள் தளத்தை வழங்கும் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸின் அமைப்புக் கோப்பில், இடைநிலையும் சேர்ந்த 'ஃபுல்செயின்.பெம்' என்று இருக்க வேண்டிய இடத்தில், தளத்தின் சான்றிதழ் மட்டும் உள்ள 'செர்ட்.பெம்' என்று இருந்தது. குறை இந்த ஒரு வரியில்தான்.

அந்தச் சான்றிதழ் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற சான்றிதழ் அமைப்பு வழங்கியது, அதாவது இலவசமானது. நிறுவும் உழைப்புக்குக் கூலி கேட்பதில் தவறே இல்லை. ஆனால் எங்கள் பில்லில் 'சான்றிதழ் விலை' என்று தனியாக ஒரு தொகை இருந்தது.

தோண்டியபோது மேலும் சில வெளிவந்தன. தளத்தின் முகவரி 'டபிள்யூடபிள்யூடபிள்யூ' சேர்த்தும் சேர்க்காமலும் திறக்க வேண்டும். சான்றிதழில் ஒரு பெயர்தான் இருந்தது. சான்றிதழுக்குரிய ரகசியச் சாவியான தனித்திறவியைச் சாதாரண மின்னஞ்சலில் இணைத்து அனுப்பியிருந்தார்கள். அதனால் பழைய சான்றிதழை ரத்து செய்து, புதிய திறவியோடு வேறு ஒன்று பெற வேண்டியதாயிற்று. தானியங்கிப் புதுப்பிப்பு ஓடியது, ஆனால் புதுப்பித்த பிறகு என்ஜின்எக்ஸை மறுஏற்றம் செய்யும் கட்டளை சேர்க்கப்படவில்லை. வட்டில் புதிய சான்றிதழ் இருந்தும் சர்வர் பழையதையே காட்டிக்கொண்டிருந்திருக்கும். 90 நாள் ஆயுளுள்ள சான்றிதழுக்கு இது சிறிய குறை அல்ல. லெட்ஸ் என்க்ரிப்ட் காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சல்களை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுளும் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027இல் 100 நாள், 2029இல் 47 நாள் என்று குறைக்கப்படுவதாக ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது. புதுப்பிப்பைச் சரியாக அமைக்காதவரிடம் வேலை கொடுத்தால், தளம் திடீரென்று ஒருநாள் முடங்கும்.

கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் வெளியிலிருந்து நீங்களே சோதித்துவிடுங்கள். குவாலிஸ் நிறுவனத்தின் எஸ்எஸ்எல் லேப்ஸ் சோதனை இலவசம். இடைநிலை விடுபட்டிருந்தால் சங்கிலி முழுமையற்றது என்று சொல்லி, மதிப்பெண்ணை 'பி'க்கு மேல் போகவிடாது. டெர்மினல் பழக்கம் உள்ளவர்கள் ஓபன்எஸ்எஸ்எல்லின் 'எஸ்_கிளையன்ட்' கட்டளையில் தளத்தின் பெயரையும் 443 என்ற போர்ட்டையும் கொடுத்துப் பார்க்கலாம். 'சர்டிஃபிகேட் செயின்' பகுதியில் 0 என்ற வரிசையோடு (தளத்தின் சான்றிதழ்) 1 என்ற வரிசையும் (இடைநிலை) இருக்க வேண்டும். 'வெரிஃபை ரிட்டர்ன் கோட்' 0 என்று வர வேண்டும். எங்களுக்கு வந்தது 21, அதாவது சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்ற பிழை.

பணத்தைத் திருப்பித் தர அந்த நிறுவனம் மறுத்துவிட்டது. இதே போன்ற ஆலோசனையைக் கேட்டு உங்கள் செயலியிலும் யாராவது சரிபார்ப்பை நிறுத்தியிருந்தால், முதலில் சர்வரில் சங்கிலியைச் சரிசெய்யுங்கள். பிறகு சரிபார்ப்பை மீண்டும் இயக்கிப் புதிய பதிப்பை வெளியிட்டு, பயனர்களைக் கடவுச்சொல் மாற்றச் சொல்லுங்கள்.