பிரெட் புட்டிங்கா, ரவை கேக்கா?

பெரம்பூர் வீட்டில் மாதக் கடைசி, மாலையில் விருந்தாளி. அலமாரியில் காய்ந்த ரொட்டியும் ரவையும் இருக்கின்றன. எதைச் சுடுவது?

செலவு: புட்டிங்குக்கு ரொட்டி மிச்சம்தான், ஆனால் அரை லிட்டர் பாலும் மூன்று முட்டையும் கணக்கை ஏற்றிவிடும். ரவை கேக்குக்குத் தயிர், சர்க்கரை, எண்ணெய் போதும்.

பக்குவம்: ரவை தயிரில் 30 நிமிடம் ஊற வேண்டும், இல்லையேல் பல்லில் நறநறக்கும். சமையல் சோடாவைக் கடைசியில்தான் கலக்க வேண்டும். தயிரின் புளிப்பு பட்டதுமே வாயு கிளம்பிவிடும், காத்திருக்காது. ஒருமுறை சோடாவைக் கலந்துவிட்டு, தண்ணீர் லாரி வந்ததென்று குடத்தோடு ஓடினேன். திரும்பி வந்து சுட்டதைச் செங்கல் என்றுதான் சொல்ல வேண்டும். புட்டிங் அவ்வளவு கோபக்காரி அல்ல. தீ மிஞ்சினால் மட்டும் முட்டை திரிந்து நீர் விடும்.

ஓவன் இல்லையா? குக்கரில் உப்பைப் பரப்பி, காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டால் இரண்டும் வேகும்.

தாங்குவது: ரவை கேக் வெளியிலேயே மறுநாள் வரை நிற்கும். புட்டிங்குக்கு ஃப்ரிட்ஜ் வேண்டும். சென்னை வெயில் அதை விட்டுவைக்காது.

பள்ளி டப்பாவுக்கும் முட்டை சேர்க்காத வீட்டுக்கும் ரவை கேக். பல் போன பாட்டிக்குப் புட்டிங், அதுவும் வெதுவெதுப்பாக.