3,649 ரூபாய் கொடுத்து பொம்மை பேட் பார்த்துவிட்டு வந்தோம்: தஞ்சாவூர் பக்கம் போகிறவர்கள் உஷார்

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்று புதன். மூன்று நாளாகப் போன் போட்டுப் போட்டு அலுத்து, என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள் என்று இப்போதுதான் தெரிந்தது. அந்தக் கொதிப்பில் எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் போடவில்லை. புதிதாகத் திறந்த ஒரு தனியார் விளையாட்டு மியூசியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வீரர்கள் ஆடிய பேட், போட்ட ஜெர்சி, தூக்கிய கோப்பை எல்லாம் இருக்கிறதாம். எங்கள் ஊர் டீக்கடைச் சுவரில்கூட நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ‘நுழைவு ரூ.100 முதல்’. அந்த ‘முதல்’ மட்டும் கடுகு சைஸ்.

குறுவை நடவு முடிந்து கை கொஞ்சம் ஓய்ந்த நேரம். அப்பாவுக்கு கிரிக்கெட் என்றால் உயிர். 1983 உலகக் கோப்பை பைனலை இதே டீக்கடை டிரான்சிஸ்டரில் கேட்டவர். ஸ்ரீகாந்த் 38, இந்தியா 183, வெஸ்ட் இண்டீஸ் 140 என்று இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவருக்காகத்தான் கிளம்பினோம். நான், மனைவி, அப்பா, இரண்டு பிள்ளைகள்.

கவுண்டரில் கேட்டால், 100 ரூபாய் என்பது வார நாளில் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டமாக வருகிறவர்களுக்காம். ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களுக்கு 450, பிள்ளைகளுக்கு 350. அப்பாவுக்கு வயசுச் சலுகையும் கிடையாது. ஐந்து பேருக்கு 2,050. அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று 369. பெரிய கோயிலையே காசு கொடுக்காமல் பார்க்கிற ஊர்க்காரன் நான். பேசாமல் திரும்பிவிடலாம் என்றுதான் நின்றேன்.

அப்போது வந்தான் ஒரு பையன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயசு இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை. என்னிடம் பேசவே இல்லை, நேரே அப்பாவிடம் போனான். “ஐயா, டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஞாபகம் இருக்கா?” என்றான். அதே 1983 உலகக் கோப்பையில் ஜிம்பாப்வேயோடு இந்தியா ஆடிய இங்கிலாந்து ஊர் அது. அப்பா முகம் மாறிவிட்டது. “17க்கு அஞ்சு விக்கெட் தம்பி. அதுலேர்ந்து கபில் 175 அடிச்சான்” என்றார். “அந்த இன்னிங்ஸோட வீடியோ எங்கக்கிட்ட மட்டும்தான் இருக்கு ஐயா. ஜாம்பவான் அரங்குல ஓடுது. அண்ணே, ஐயாவுக்காகவாவது வாங்கண்ணே” என்று என் கையைப் பிடித்தான்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். அந்த மேட்சை டிவிக்காரர்கள் யாரும் படம் பிடிக்கவில்லை, வீடியோவே கிடையாது என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். தெரியும். ஆனால் அப்பா முகத்தைப் பார்த்ததும், ‘யாராவது தனியாக எடுத்து வைத்திருப்பார்களோ’ என்று மனசு ஒரு சாக்கு கண்டுபிடித்துக்கொண்டது. பணத்தை அனுப்பிவிட்டேன். அரங்குக்குத் தனியாகத் தலைக்கு 200, மொத்தம் 1,000. உள்ளே போன் கூடாது என்று லாக்கருக்கு இரண்டு போனுக்கு 80. கோப்பையோடு நின்று அவர்களே எடுக்கும் போட்டோவுக்கு 150. ஆகமொத்தம் 3,649 ரூபாய். இரண்டு மூட்டை டிஏபி உரம், மூன்று மூட்டை யூரியா வாங்கியிருந்தாலும் டீச்செலவுக்கு மிச்சம் இருந்திருக்கும்.

உள்ளே என்ன இருந்தது என்றால், ‘1983 இறுதிப் போட்டியில் அணிந்தது’ என்று நீல ஜெர்சி ஒன்று கண்ணாடிக்குள் தொங்கியது. அப்பா அதன் முன்னால் நின்று, “அன்னிக்கு எல்லாரும் வெள்ளச் சட்டதானேடா? மறுநாள் பேப்பர்ல பாத்தனே” என்றார். உலகக் கோப்பையில் கலர் உடை வந்ததே 1992இல்தான். பக்கத்தில் அதே பைனலில் ஆடியதாக ஒரு பேட். நான் குனிந்து அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஸ்டிக்கரில் கம்பெனியின் வெப்சைட் முகவரி அச்சடித்திருக்கிறது! 1983இல் ஏதய்யா வெப்சைட்? விலைச் சீட்டைக் கிழித்த பசைகூட கைப்பிடிக்குக் கீழே அப்படியே இருந்தது, அதில் தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. போட்டோ எடுக்கலாம் என்று பாக்கெட்டில் கைவிட்டால், போன் லாக்கரில். எதற்காக வாங்கி வைக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

2011 உலகக் கோப்பை பைனலில் தோனி கடைசி சிக்ஸர் அடித்த பேட்டும் ‘ஒரிஜினல்’ என்று இருந்தது. அது அந்த வருஷமே லண்டனில் ஒரு லட்சம் பவுண்டுக்கு ஏலம் போய்விட்டது என்று என் மகன் திரும்பி வரும்போது பஸ்ஸில் தேடிக் காட்டினான். நம்ம மாயவரத்தில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்தையும் விடவில்லை. அவர் சின்ன வயசில் ஆடிய செஸ் போர்டு என்று பிளாஸ்டிக்கில் ஒன்று, அதில் குதிரை ஒன்று குறைந்தது.

ஜாம்பவான் அரங்கு வீடியோ? நான்கு நிமிஷம். கம்ப்யூட்டர் பொம்மைகள் ஓடின. கபில் என்று சொல்லப்பட்ட பொம்மைக்கு மீசைகூட இல்லை. அப்பா எதுவும் பேசாமல் எழுந்து வெளியே போய் உட்கார்ந்துவிட்டார்.

கவுண்டருக்குப் போய்ச் சண்டை போட்டேன். உள்ளே போகும்போது ‘அண்ணே’, வெளியே வந்ததும் ‘சார்’. “டிக்கெட் பின்னாடி பாருங்க சார், காட்சிப் பொருட்கள் மாதிரிகளாகவும் இருக்கலாம்னு போட்டிருக்கோம்.” போட்டிருக்கிறார்கள்தான், சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில். கையைப் பிடித்த பையனைக் காணவே இல்லை. திங்கட்கிழமை போன் செய்தால் மேனேஜர் மீட்டிங்கில். மத்தியானம் செய்தால் சாப்பிடப் போயிருக்கிறார். செவ்வாய்க்கிழமை “மெயில் போடுங்க” என்றார்கள், போட்ட மெயில் திரும்பி வந்தது. வாட்ஸ்அப்பில் 3,649 ரூபாய்க்குக் கணக்கு எழுதி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. ஒரு கும்பிடு பொம்மையும், அடுத்த முறை வந்தால் 10 சதவீதம் தள்ளுபடி என்று ஒரு கூப்பனும் வந்தன. அடுத்த முறையாம்!

இன்னொரு வயிற்றெரிச்சல். ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் மச்சானிடம் பில்லைக் காட்டினேன். மியூசியம் நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது, இந்த பில்லில் ஜிஎஸ்டி நம்பரும் இல்லை என்றார். அப்படியென்றால் அந்த 369 ரூபாய் யார் பாக்கெட்டுக்குப் போனது?

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. ‘முதல்’ என்று போட்டிருந்தால் உங்களுக்கு எவ்வளவு என்று போனிலேயே கேளுங்கள். டிக்கெட்டின் பின்பக்கத்தைப் பணம் கட்டும் முன்னால் படியுங்கள். போனை வாங்கி வைக்கும் இடம் என்றால் யோசியுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் பதிந்துவிட்டேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவதாக இருக்கிறேன். ஐந்து லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் இல்லை.

இன்று காலை டீக்கடைச் சுவரில் பழைய நோட்டீஸ் மேலேயே புதுசு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போது ‘ரூ.80 முதல்’.